அடுப்பு ஏறிய படகு

பெயரிலேயே மீன் நெளியும் ஊர் மீன்சுருட்டி. ஆனால் கடைத்தெருவில் நின்றால் கண்ணில் படுவது கும்பகோணத்துக்கும் சென்னைக்கும் ஓடும் பேருந்தும் லாரியும்தான். தண்ணீர் சற்றுத் தள்ளி இருக்கிறது. தெற்கே அணைக்கரையில் கொள்ளிடம், காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம், கங்கைகொண்ட சோழபுரத்தை ஒட்டி இராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் ஏரி. சோழகங்கத்தை இன்று பொன்னேரி என்றால்தான் வழி சொல்வார்கள்.

அந்த இராஜேந்திரனின் கப்பற்படை 1025 வாக்கில் கடாரம் வரை போனது. வென்ற ஊர்களை மெய்க்கீர்த்தி வரிசையாகச் சொல்கிறது. போகிற வழியில் அத்தனை பேருக்கும் சோறு எப்படி வெந்தது என்பதை மட்டும் சொல்லவில்லை. மரமும் கயிறும் பாயும் எண்ணெயும் சேர்ந்ததுதான் அக்காலக் கலம். அதன் நடுவே அடுப்பு மூட்டுவது வைக்கோல் போரில் விளக்கேற்றுவதற்குச் சமம்.

அரபிக்கடலிலும் இந்தியப் பெருங்கடலிலும் ஓடிய பாய்மரக் கலங்கள் இதற்கு ஒரு வழி வைத்திருந்தன. ஒரு மரப்பெட்டி, அதனுள் கனமாக மணல், மணல்மேல் அடுப்பு. தீ அந்தப் பெட்டியைத் தாண்டக் கூடாது. தாண்டினாலும் அணைக்க மணல் அங்கேயே இருக்கிறது. மத்தியதரைக் கடல் பக்கம் ஓடிய மரக்கலங்களிலும் இதே அச்சம் இருந்திருக்கிறது. துருக்கிக் கரையோரம் யாசி அடா தீவருகே கடலடியில் கிடைத்த 7ஆம் நூற்றாண்டுக் கப்பலின் சமையலறையில் ஓடு பாவிய அடுப்பே இருந்தது.

கேரளத்துக் கெட்டுவள்ளத்தின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. ஆணி அடிக்காமல், அயினிப் பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்து, முந்திரிக்கொட்டைத் தோட்டின் எண்ணெய் பூசிக் கருப்பாக்கிய நெல் வள்ளம் அது. சாலையும் லாரியும் வந்தபின் வேலையற்றுக் கிடந்த இந்த வள்ளங்களுக்கு 1990களின் தொடக்கத்தில் மறுபிறவி கிடைத்தது. மூங்கிலும் பாயும் வைத்துக் கூரை போட்டு, கட்டிலும் குளிர்சாதனமும் ஏற்றி, உல்லாச வீட்டுப்படகு ஆக்கினார்கள். அதோடு எரிவாயு சிலிண்டரும் ஜெனரேட்டரும் ஏறின. எளிதில் பற்றும் பொருளுக்குப் பக்கத்திலேயே பற்றவைக்கும் பொருளும் வந்து குடியேறியது. 2020 ஜனவரியில் வேம்பநாட்டு ஏரியில் பாதிராமணல் தீவருகே ஒரு வீட்டுப்படகு முற்றாக எரிந்தது. பயணிகள் தண்ணீரில் குதித்தார்கள். அங்கே ஆழம் குறைவு, உயிர்கள் தப்பின. ஸ்ரீநகர் தால் ஏரியில் 2023 நவம்பர் 11 விடியற்காலை அப்படி நடக்கவில்லை. நெருக்கி நின்ற தேவதாரு வீட்டுப்படகுகளில் ஐந்து எரிந்துபோயின, வங்கதேசப் பயணிகள் மூவர் இறந்தனர்.

உல்லாசப் படகில் எரிபொருள் ஏறிய கதை அமெரிக்காவில் ஒரு சட்டத்தை ஏய்ப்பதிலிருந்து தொடங்குகிறது. கொதிகலன்கள் வெடித்து ஆட்கள் சாவதைத் தடுக்க, நீராவிப் படகை ஓட்ட உரிமம் பெற்ற பொறியாளர் வேண்டும் என்று அங்கே விதி இருந்தது. சொந்தப் படகில் உலாப் போகும் பணக்காரருக்கு அது தொல்லை. 1880களில் ஃபிராங்க் ஓஃபெல்ட் என்பவர் தண்ணீருக்குப் பதில் நாப்தா என்ற எளிதில் பற்றும் எண்ணெயைக் கொதிக்க வைத்து ஓடும் படகைக் கொண்டுவந்தார். நீராவியே இல்லை, ஆகவே நீராவிச் சட்டமும் இல்லை! கொதிப்பதும் நாப்தா, அடியில் எரிவதும் நாப்தா. கேட்டாலே குலை நடுங்கும் ஏற்பாடு. ஆனால் அதைக் கட்டியவர்களுக்கும் பயம் இருந்தது. தொட்டியை முகப்பிலும் அடுப்பைப் பின்கோடியிலும் வைத்தார்கள்.

பெட்ரோல் எஞ்சின் வந்ததும் அந்த இடைவெளி போயிற்று. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. சாலையில் ஓடும் காரில் கசிந்தால் கீழே இறங்கிக் காற்றோடு போய்விடும். படகில் கசிந்தால் போக வழியில்லை. அடிப்பலகையின் பள்ளத்தில் தண்ணீர்போல் தேங்கி, ஸ்விட்ச் போடும்போது எழும் ஒரு பொறிக்குக் காத்திருக்கும். சமையல் வாயுவும் அதே சாதிதான். சிலிண்டரைத் திறந்தவெளியில் வை, காற்றுத் துளையைத் தரைமட்டத்தில் விடு என்பதெல்லாம் இதனால்தான்.

இதற்கான மருந்து நிலக்கரிச் சுரங்கத்திலிருந்து வந்தது. மெல்லிய கம்பிவலையைத் தாண்டும்போது சுடர் சூட்டை இழந்து அணைந்துபோகும் என்பதை வைத்து 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைச் செய்தார். அதே தத்துவம் படகு எஞ்சினின் கார்புரேட்டர் வாயில் ஒரு மூடியாக வந்து உட்கார்ந்தது. எஞ்சின் திருப்பி உமிழும் சுடர் வெளியே வராது. அமெரிக்காவின் 1940ஆம் ஆண்டு மோட்டார் படகுச் சட்டம் இதைக் கட்டாயமாக்கி, தீயணைப்பானும் காற்றோட்டமும் வேண்டும் என்றது. பின்னர் அந்நாட்டுப் படகுகளில் ஓர் எச்சரிக்கைச் சீட்டும் ஒட்டப்பட்டது: எஞ்சினைக் கிளப்புமுன் 4 நிமிடம் விசிறியை ஓட்டு, அடிப்பள்ளத்தில் ஆவி இருக்கிறதா பார். அவசரக்காரனுக்கு 4 நிமிடம் நீண்ட நேரம்தான்.

படகின் பின்பக்கம் மாட்டும் வெளி எஞ்சினுக்கு மட்டும் சுடர்த்தடுப்பு விதியில் விலக்கு உண்டு. ஓலே எவின்ரூட் 1909இல் விற்கத் தொடங்கிய அந்த வகை, படகின் வயிற்றுக்கு வெளியே காற்றில் தொங்குகிறது. எஞ்சினில் கசிந்தால் ஆவி தேங்க இடமில்லை. நம் கடற்கரைகளில் பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டும் எஞ்சின்களும் இந்தச் சாதிதான். ஆனால் கேனும் குழாயும் படகுக்குள்ளேதான் இருக்கின்றன என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள்.

இந்தியாவில் 1917ஆம் ஆண்டு உள்நாட்டு நீராவிக் கலச் சட்டமே வெடிப்பு, தீ, மோதல் ஆகியவற்றிலிருந்து கலங்களைக் காக்க விதி செய்யும் அதிகாரத்தை அரசுக்குத் தந்தது. பெயர் மாறித் திருத்தங்கள் கண்ட அந்தச் சட்டத்தின் இடத்துக்கு 2021இல் புதுச்சட்டம் வந்தது. நூறாண்டுச் சட்டம் இருந்தும் உல்லாசப் படகுகளின்மேல் கண் விழுந்தது பெரும்பாலும் விபத்துக்குப் பிறகுதான்.

விதி மட்டும் போதாது என்பதற்குக் கலிஃபோர்னியாவில் நடந்ததைச் சொல்ல வேண்டும். 2019 செப்டம்பர் 2 விடியுமுன், ‘கன்செப்ஷன்’ என்ற முக்குளிப்புச் சுற்றுலாப் படகு எரிந்து 34 பேர் இறந்தனர். தீ எதனால் பற்றியது என்று விசாரணையால் உறுதிசெய்ய முடியவில்லை. உறுதியாகத் தெரிந்தது ஒன்று: எல்லோரும் தூங்கியபோது விழித்திருந்து சுற்றிவர ஓர் ஆள் இல்லை. கோயில் நகைக்கும் களத்து நெல்லுக்கும் ராக்காவல் வைத்த ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எண்ணெயே வேண்டாம் என்ற யோசனையும் பழையதுதான். 1893 சிகாகோ உலகக் கண்காட்சியின் நீர்நிலைகளில் 55 மின்படகுகள் பயணிகளை ஏற்றி ஓடின. வைக்கத்துக்கும் தவணக்கடவுக்கும் இடையே ‘ஆதித்யா’ என்ற சூரியசக்திப் படகு 2017இல் ஓடத் தொடங்கியது. பெட்ரோல் ஆவிப் பயம் இதில் இல்லை. மின்கலத்தின் சூட்டைத்தான் கண்காணிக்க வேண்டும்.

மீன்சுருட்டிக்காரர்கள் படகு ஏற ஆசைப்பட்டால் சிதம்பரம் தாண்டிப் பிச்சாவரம் போவார்கள். மோட்டார் படகும் உண்டு, துடுப்புப் படகும் உண்டு. அலையாத்தி மரங்கள் தலையில் இடிக்கும் குறுகிய கால்வாய்களுக்குள் துடுப்புப் படகுதான் நுழையும். அதில் தீப்பிடிக்க ஏதாவது இருக்கிறதென்றால் பயணியின் சட்டைப்பையில் உள்ள தீப்பெட்டிதான்.