மகாவலியிலிருந்து பாம்பன் வரை: சமூக வானொலியின் வரலாறு

ஓர் ஊரார் தமக்கு வேண்டிய செய்திகளைத் தாமே திரட்டித் தம் பேச்சுவழக்கிலேயே குறைந்த ஆற்றல் கொண்ட பரப்பி வழியாக ஒலிபரப்பும் சிறு நிலையமே சமூக வானொலி எனப்படும். நடத்துவோரும் கேட்போரும் ஒரே ஊராராக இருப்பதும், இலாபம் நோக்கமாக இல்லாததும், ஒலிபரப்பாளருள் பலர் தன்னார்வலராக இருப்பதும் அதை அரசு வானொலியிலிருந்தும் வணிக வானொலியிலிருந்தும் பிரித்துக் காட்டும் இயல்புகளாகும். தெற்காசியாவில் இம்முயற்சிக்கு முன்னோடியாக விளங்கியது இலங்கையின் மகாவலிப் பள்ளத்தாக்கு. சமூக வானொலி கடல்தொழிலாளரின் கைக்கு வந்து சேர்ந்த இடங்களுள் குறிப்பிடத்தக்கது இராமேசுவரம் தீவிலுள்ள பாம்பன்.

1970களின் இறுதியில் இலங்கை அரசு மகாவலி ஆற்று நீர்ப்பாசனத் திட்டத்தை விரைவுபடுத்தியபோது, அணைகளுக்காக நிலம் இழந்தோரும் நிலமற்ற உழவரும் புதிய குடியேற்றங்களுக்கு அனுப்பப்பட்டனர். பழைய ஊரின் உறவுகளை விட்டு வந்த அம்மக்களிடையே தொடர்பை வளர்ப்பதற்காக 1981ஆம் ஆண்டு யுனெஸ்கோவின் தொழில்நுட்ப உதவியுடனும் டென்மார்க் அரசின் நிதியுதவியுடனும் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. தயாரிப்புக் குழுவினர் ஒரு கிராமத்தில் சில நாட்கள் தங்கி, அங்குள்ளோரின் பேச்சையும் பாட்டையும் குறைகளையும் ஒலிநாடாவில் பதிவுசெய்து நிகழ்ச்சிகளாக்கினர். 1986இல் கிராந்துருகோட்டையில் தனி நிலையம் அமைந்தது. பின்னர் கொத்மலையிலும் ஒரு நிலையம் உருவானது. 1990களின் இறுதியில், இணையம் சிற்றூர்களை எட்டாதிருந்த காலத்தில், கொத்மலை நேயர்கள் கடிதத்திலும் தொலைபேசியிலும் கேட்ட ஐயங்களுக்கு ஒலிபரப்பாளர்கள் இணையத்தில் விடை தேடிச் சிங்களத்தில் விளக்கிக் கூறிய முறை உலகெங்கும் கவனிக்கப்பட்டது.

எனினும் இந்நிலையங்கள் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் கட்டுப்பாட்டிலேயே இயங்கின. மக்கள் பங்கேற்றனர், ஆனால் நிலையம் அவர்களுக்கு உரியதாகவில்லை. இந்தியாவில் இவ்வுரிமைக்கு வழி திறந்தது 1995ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பாகும். வானலைகள் பொதுச்சொத்து என்று அது அறிவித்தது. அதன்பின் கல்வி நிறுவனங்களுக்கு உரிமம் அளிக்கப்பட, 2004இல் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் அண்ணா எஃப்.எம். தொடங்கியது. தொண்டு நிறுவனங்களும் உரிமம் பெறலாம் என்று 2006இல் விதி தளர்த்தப்பட்டதும், 2008இல் அன்றைய ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் தலித் பெண்கள் நடத்தும் சங்கம் வானொலி ஒலிக்கத் தொடங்கியது.

கடற்கரையில் சமூக வானொலிக்கான தேவை இன்னும் கூர்மையானது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு அதன் அருகில் இருப்போரின் கண்ணுக்கு மட்டுமே தெரியும். அரசு வானொலியின் வானிலை அறிக்கையோ நெடிய கரை முழுவதற்கும் பொதுவானது. இவ்விடைவெளியை நிரப்பும் முயற்சியாக எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998 முதல் புதுச்சேரிப் பகுதியில் கிராம அறிவு மையங்களை நிறுவியது. வீராம்பட்டினத்தில் அமெரிக்கக் கடற்படையின் இணையதளத்திலிருந்து அலையுயர முன்கணிப்பை எடுத்து, கரையிலிருந்த ஒலிபெருக்கியில் நாள்தோறும் அறிவித்தனர். 2004 டிசம்பர் 26 அன்று சிங்கப்பூரிலிருந்து தொலைபேசியில் வந்த எச்சரிக்கையை நல்லவாடு மையத்தின் ஒலிபெருக்கியில் உடனே அறிவித்ததனால் அவ்வூரார் ஆழிப்பேரலைக்கு முன்பே மேட்டுக்கு ஓடித் தப்பினர். ஊருக்குள்ளேயே ஒரு குரல் இருந்தால் உயிர் பிழைக்கும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை. பேரலைக்குப் பின் நாகப்பட்டினம் மாவட்டத்து விழுந்தமாவடியில் தானம் அறக்கட்டளை நிறுவிய களஞ்சியம் வானொலி, பேரிடர் காப்பையே தன் முதற்பணியாகக் கொண்டது.

பாம்பனில் மீனவக் குடும்பத்தைச் சேர்ந்த ஒருவரின் முயற்சியால் 2016 ஆகஸ்டு 15 அன்று 90.4 மெகாஹெர்ட்சில் கடல் ஓசை தொடங்கியது. சமூக வானொலிக்கு விதி அனுமதிக்கும் கதிர்வீச்சு ஆற்றல் பொதுவாக 100 வாட், அலைக்கம்பத்தின் உயரம் 30 மீட்டர். பண்பலை ஏறக்குறைய நேர்கோட்டில் செல்வதால், மலையோ கட்டடமோ மறிக்காத கடற்பரப்பில் கரையோரம் தொழில் செய்யும் நாட்டுப்படகுகளுக்கு இவ்வொலி எட்டுகிறது. கைப்பேசியிலோ சிறு வானொலிப் பெட்டியிலோ அவர்கள் கேட்பவை கடலின் நிலை, காற்றின் போக்கு, மீன்வளம், அரசின் நலத்திட்டங்கள் முதலியன. வாடை, கொண்டல், சோழகம், கச்சான் என்று திசைக்கொரு பெயரிட்டுக் காற்றை அறிந்த மூத்த மீனவரின் அனுபவமும் வானிலை ஆய்வாளரின் கணக்கும் ஒரே நிலையத்தில் இடம்பெற முடிவதே இவ்வானொலியின் தனிச்சிறப்பு. பெண்கள் ஒலிபரப்பாளராகவும் நிலையப் பொறுப்பாளராகவும் பணியாற்றுவது, ஆண்களின் தொழிலென்று எண்ணப்படும் கடல்தொழிலில் பெண்களின் உழைப்பும் அறிவும் கொண்ட இடத்தை ஊரறியச் செய்கிறது.

இம்முயற்சிகளுக்கு எல்லைகளும் உண்டு. 2017இல் ஒக்கிப் புயலில் சிக்கிய கன்னியாகுமரி மாவட்டத்து ஆழ்கடல் மீனவருக்கு எந்தச் சமூக வானொலியும் எட்டியிராது. அத்தகையோருக்குச் செயற்கைக்கோள் வழித் தொடர்பே தீர்வு. இந்தியச் சமூக வானொலிகள் சொந்தமாகச் செய்தியறிக்கை ஒலிபரப்ப அனுமதியில்லை. விளம்பர நேரமும் வரையறுக்கப்பட்டுள்ளதால் மின்கட்டணமும் கருவிப் பழுதும் தன்னார்வலரின் தோளில் விழுகின்றன. இலங்கையிலோ சமூக வானொலிக்கெனத் தனி உரிம வகை நெடுங்காலமாக வகுக்கப்படவில்லை. இந்த முயற்சியைத் தெற்காசியாவில் முன்னெடுத்த நாடு அதன் உரிமையையும் மக்களிடம் ஒப்படைப்பதும், இந்திய அரசு கரையோர நிலையங்களைப் பேரிடர் காப்பின் உறுப்பாக ஏற்று நிலையான நிதி அளிப்பதும் இனியும் தள்ளிப்போடத் தகாத கடமைகளாகும்.