மஞ்சக்குப்பம் ஃபேமிலிக்கு எது செட்டாகும்... முரட்டு எஸ்.யூ.வி-யா, கிராஸ்ஓவரா?

கார் வாங்கலாம்னு முடிவு பண்ணின நாள்லயே வீடு ரெண்டா பிரிஞ்சிடும். தம்பி தார் ராக்ஸ் ரீல்ஸை ஃபார்வர்டு பண்ணுவான். அப்பா, 'ஸ்கார்பியோன்னா மழைக்குப் பயமில்லடா' என்பார். அம்மாவுக்கு ஏறி இறங்க வசதியா இருக்கணும். உங்களுக்கோ மாசத் தவணை பட்ஜெட்டுக்குள்ள அடங்கணும்.

கடலூர்க்காரங்களுக்கு இந்தச் சண்டையில் இன்னொரு கட்சியும் உண்டு. அதுதான் வெள்ளம். 2011 டிசம்பர் 30 'தானே' புயல், 2015 மழை, 2024 'ஃபெஞ்சல்' என்று ஒவ்வொரு வருஷத்தையும் தண்ணீர் ஏறின உயரத்தை வெச்சே ஞாபகம் வெச்சிருக்கிற ஊர் இது. வடக்கே தென்பெண்ணை, தெற்கே கெடிலம், கிழக்கே கடல். நடுவில் மஞ்சக்குப்பம். அதனால்தான், 'நம்ம ஊருக்கு முரட்டு வண்டிதான் சரி' என்ற முடிவுக்கு நிறையப் பேர் சட்டுன்னு வந்துடுறாங்க.

அந்த முடிவு சரியா? பார்த்துடலாம். இதில் சில லட்சங்களும் இருக்கு, குடும்பத்தோட உயிரும் இருக்கு.

முதல்ல, எது எது?

ஷோரூமில் எல்லாத்துக்கும் 'எஸ்.யூ.வி'-ன்னுதான் பேர். நீங்க போர்டைப் பார்க்காதீங்க, வண்டிக்கு அடியில் பாருங்க.

முரட்டு எஸ்.யூ.வி என்றால் லேடர் ஃப்ரேம். ஏணி மாதிரி ஒரு இரும்புச் சட்டம். இன்ஜின், சக்கரம் எல்லாம் அதில் பொருத்தி, மேலே தனியா பாடியைத் தூக்கி வைப்பாங்க. லாரி கட்டுற அதே முறை. மஹிந்திரா தார், தார் ராக்ஸ், ஸ்கார்பியோ-என், பொலேரோ, மாருதி ஜிம்னி, டொயோட்டா ஃபார்ச்சூனர் எல்லாம் இந்த ஜாதி.

கிராஸ்ஓவர் என்றால் மோனோகாக். சட்டமும் பாடியும் ஒரே கூடு. சாதாரண காரோட உடம்புக்குக் கொஞ்சம் உயரம் கொடுத்தது மாதிரி. டாடா நெக்ஸான், ஹூண்டாய் கிரெட்டா, கியா செல்டோஸ், மாருதி ஃப்ரான்க்ஸ், பிரெஸ்ஸா எல்லாம் இந்தப் பக்கம். பேர் மட்டும் பார்த்தா ஏமாந்துடுவீங்க. 1998-ல் வந்த பழைய டாடா சஃபாரி லேடர் ஃப்ரேம். 2021-ல் வந்த புது சஃபாரி மோனோகாக்.

இன்னொரு குழப்பம். முரட்டு வண்டி என்றாலே நாலு சக்கரமும் இழுக்கும்னு நினைக்காதீங்க. பொலேரோவும் ஸ்கார்பியோ கிளாசிக்கும் பின் சக்கரத்தில் மட்டும்தான் இழுக்கும். தார் ராக்ஸிலும் ஸ்கார்பியோ-என்னிலும் ஃபோர் வீல் டிரைவ் வேணும்னா, டீசலில் குறிப்பிட்ட வேரியன்ட்டுக்குத்தான் போகணும். ஜிம்னியில் மட்டும் எல்லா வேரியன்ட்டிலும் உண்டு.

கிரவுண்ட் கிளியரன்ஸ்: ரெண்டு விரல் வித்தியாசம்

வண்டி வயிற்றுக்கும் தரைக்கும் உள்ள இடைவெளிதான் கிரவுண்ட் கிளியரன்ஸ். மாருதி ஸ்விஃப்ட்டில் இது 163 மி.மீ. கிரெட்டாவிலும் ஃப்ரான்க்ஸிலும் 190. பிரெஸ்ஸாவில் 198. நெக்ஸானில் 208. ஜிம்னியில் 210. தாரில் 226.

கிரெட்டாவுக்கும் தாருக்கும் வித்தியாசம் 36 மி.மீ. ரெண்டு விரல் அகலம், அவ்வளவுதான்! நம்ம ஊர் ஸ்பீடு பிரேக்கர், தோண்டிப் போட்ட பாதாளச் சாக்கடைப் பள்ளம், மழைக்குப் பிறகு தார் பெயர்ந்த ரோடு, இதுக்கெல்லாம் 190 முதல் 210 மி.மீ தாராளம். பாறை, பள்ளம், ஆற்றுப்படுகைன்னு இறங்குறவங்களுக்குத்தான் அந்த ரெண்டு விரல் கணக்கு.

வெள்ளத்தில் எது காப்பாத்தும்?

இதுதான் முக்கியமான கேள்வி. பதில், ரெண்டுமே காப்பாத்தாது.

தார், தார் ராக்ஸ் ரெண்டும் 650 மி.மீ ஆழம் வரை தண்ணீரைக் கடக்கும்னு மஹிந்திரா சொல்லுது. முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே. கிராஸ்ஓவர்களில் பலதுக்கு கம்பெனி இப்படி ஒரு அளவே சொல்றதில்லை. சக்கரத்தில் பாதி உயரம், அதாவது சுமார் 30 செ.மீ. அதைத் தாண்டினா திரும்பிடுறது நல்லது. ஆக, தெருவில் தேங்கி நிற்கிற தண்ணீரில் முரட்டு வண்டிக்கு ஒரு அடி கூடுதல் தைரியம் உண்டு. உண்மைதான்.

ஆனா அந்த 650 மி.மீ, ஓடாத தண்ணீருக்கான கணக்கு. அடியில் என்ன இருக்குன்னு தெரிஞ்சு, மெதுவா, ஒரே சீராகப் போனால்தான் செல்லும். ஓடுற தண்ணீர் வேற ரகம். அமெரிக்காவின் தேசிய வானிலைச் சேவை மக்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்றது இதைத்தான்: ஒரு அடி வெள்ளம் போதும், பெரும்பாலான கார்களை மிதக்க வைக்க. ரெண்டு அடி ஓட்டம், எஸ்.யூ.வி-யையும் பிக்கப்பையும் இழுத்துட்டுப் போயிடும். ரெண்டு அடி என்பது சுமார் 60 செ.மீ. தாரோட 650 மி.மீ எல்லைக்குள்ளதான் அது வருது என்பதைக் கவனிங்க.

2024 டிசம்பர் 2 அதிகாலையை நினைச்சுப் பாருங்க. சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி தண்ணீர் திறக்கப்பட்டு, தென்பெண்ணை கரைபுரண்டது. நாணமேடு, உச்சிமேடு, குண்டு உப்பலவாடி பக்கமெல்லாம் தண்ணீர். அந்த ஓட்டத்தில் எந்த ஃபோர் வீல் டிரைவும் வேலைக்கு ஆகாது. நாலு சக்கரமும் இழுக்கணும்னா முதல்ல நாலு சக்கரமும் தரையில் இருக்கணும் இல்லையா?

வெள்ளத்தில் காரைவிட உதவுற விஷயங்கள் வேற:

- காம்ப்ரிஹென்சிவ் பாலிசி எடுங்க. தேர்டு பார்ட்டி மட்டும் இருந்தா, வெள்ளத்தில் உங்க காருக்கு ஆன சேதத்துக்கு ஒரு ரூபாய்கூட வராது.

- 'இன்ஜின் புரொடெக்ட்' ஆட்-ஆனைக் கேட்டு வாங்குங்க. இன்ஜினுக்குள் தண்ணீர் போய் உள்ளே உடைஞ்சா, சாதாரண பாலிசி பெரும்பாலும் கை கொடுக்காது.

- தண்ணீரில் இன்ஜின் நின்னுடுச்சா? மறுபடி ஸ்டார்ட் பண்ணவே கூடாது. காற்று போகிற வழியில் தண்ணீர் போயிருந்தா, அந்த ஒரு ஸ்டார்ட்டிலேயே இன்ஜின் காலி. கிளெய்மும் சிக்கலாகும். இறங்கி, ஆளைக் கூப்பிட்டு இழுத்துட்டுப் போங்க.

- எச்சரிக்கை வந்த அன்னிக்கே காரை மேடான இடத்தில் விட்டுடுங்க. இது எந்த காருக்கும் பொருந்தும், செலவும் கிடையாது.

மத்த 360 நாள்

வெள்ளம் வருஷத்தில் சில நாள். மீதி நாளில் கார் எங்கே ஓடும்? திருப்பாதிரிப்புலியூர் கடைவீதி, ஸ்கூல், சில்வர் பீச், புதுச்சேரி, நெய்வேலி. லீவு நாளில் சிதம்பரம், பிச்சாவரம். பெரும்பாலும் தார் ரோடுதான். வருஷத்துக்கு ஒரு தடவை ஏற்காடோ கொல்லிமலையோ போனாலும், கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவும் நல்ல ரோடுதான். அதுக்கு கிராஸ்ஓவர் போதும். சொல்லப்போனா, வளைவில் சாயாம போறதில் கிராஸ்ஓவர்தான் கெட்டிக்காரன். அதோட எடையும் உயரமும் குறைவு.

ஏறி இறங்க: முட்டி வலி இருக்கிற பாட்டிக்கு தாரின் படி ஒரு மலை. கிராஸ்ஓவர் சீட் இடுப்பு உயரத்தில் இருக்கும். குனியவும் வேண்டாம், தாவவும் வேண்டாம். மூணு கதவு தாரில் பின் சீட்டுக்குப் போகணும்னா, முன் சீட்டை மடக்கித்தான் நுழையணும்.

ஆள் கணக்கு: ஜிம்னி நாலு பேருக்கான வண்டி. ஆறேழு பேர் இருக்கிற வீட்டுக்கு ஸ்கார்பியோ-என் மாதிரி மூணு வரிசை வண்டி உண்மையிலேயே உதவும். பக்கவாட்டில் திரும்பி உட்காருகிற கடைசி சீட் உள்ள வண்டியா? அதில் குழந்தைகளை உட்கார வைக்காதீங்க. விபத்தில் முன்நோக்கிய சீட் தர்ற பாதுகாப்பு அதில் கிடைக்காது.

டிக்கி: ஜிம்னியில் 208 லிட்டர், ஃப்ரான்க்ஸில் 308, நெக்ஸானில் 382, கிரெட்டாவில் 433. பண்ருட்டியில் நிறுத்தி ரெண்டு பலாப்பழம் வாங்கிப் போட்டா, பெட்டிக்கு இடம் இருக்குமா? அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க.

தெரு அகலம்: ஸ்கார்பியோ-என் நீளம் 4,662 மி.மீ, அகலம் 1,917. நெக்ஸான் 3,995, அகலம் 1,804. திருவிழா நாளில் சிதம்பரம் மாட வீதிப் பக்கம் பார்க்கிங் தேடினவங்களுக்கு இந்த வித்தியாசம் புரியும்.

பாதுகாப்பில் 'கனமான வண்டின்னா சேஃப்' என்பது பழைய கதை. இந்தியாவின் சொந்த கிராஷ் டெஸ்ட்டான பாரத் என்கேப் 2023 அக்டோபரில் தொடங்கியது. அதில் தார் ராக்ஸும் 5 ஸ்டார், நெக்ஸானும் 5 ஸ்டார். ஜாதியைப் பார்க்காம ஸ்டாரைப் பாருங்க.

பர்ஸ் என்ன சொல்லுது?

2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி கணக்கு மாறிடுச்சு. நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல்னா 1,200 சி.சி-க்குள், டீசல்னா 1,500 சி.சி-க்குள் இருந்தா 18%. இதில் ஏதாவது ஒண்ணு தாண்டினாலும் 40%. அதனால் நெக்ஸான், ஃப்ரான்க்ஸுக்கு 18%. பொலேரோவுக்கும் 1.5 லிட்டர் டீசல் மூணு கதவு தாருக்கும்கூட 18%தான். நீளத்தால் கிரெட்டா, தார் ராக்ஸ், ஸ்கார்பியோ-என் 40%. குட்டியா இருந்தாலும் ஜிம்னியும் பிரெஸ்ஸாவும் 40%, ஏன்னா அவை 1.5 லிட்டர் பெட்ரோல்.

அடுத்து தமிழ்நாடு சாலை வரி. 2023 நவம்பரில் உயர்ந்த பிறகு, 5 முதல் 10 லட்சம் வரை விலை உள்ள காருக்கு 13%, 10 முதல் 20 லட்சம் வரை 18%, அதுக்கு மேல் 20%. 9.9 லட்சம் ரூபாய் காருக்கு வரி சுமார் 1.29 லட்சம். 10.5 லட்சம் காருக்கு 1.89 லட்சம். விலையில் 60,000 ரூபாய் வித்தியாசம், வரியிலும் இன்னொரு 60,000! 10 லட்சத்தை ஒட்டின வேரியன்ட் பார்க்கிறவங்க இதைக் கட்டாயம் கணக்குப் போடுங்க.

எரிபொருள்? ஒரு உதாரணம். மாசம் 1,000 கி.மீ ஓட்டுறீங்க. முரட்டு பெட்ரோல் வண்டி லிட்டருக்கு 12 கி.மீ, சின்ன கிராஸ்ஓவர் 17 கி.மீ கொடுக்குதுன்னு வெச்சுக்கலாம். வித்தியாசம் 24 லிட்டர். லிட்டர் 100 ரூபாய்னா மாசம் 2,400, வருஷத்துக்கு கிட்டத்தட்ட 29,000.

'அப்போ டீசல் எடுத்துடலாமே'ன்னு தோணும். கொஞ்சம் நில்லுங்க. 2020 ஏப்ரலில் பி.எஸ்-6 வந்த பிறகு, டீசல் கார் புகைக்குழாயில் டி.பி.எஃப் என்ற கரி வடிகட்டி இருக்கு. அதில் சேருகிற கரி எரிஞ்சு போகணும்னா, வண்டி அவ்வப்போது நெடுஞ்சாலையில் சீரான வேகத்தில் ஓடணும். மஞ்சக்குப்பத்துக்கும் திருப்பாதிரிப்புலியூருக்கும் நடுவே மட்டுமே ஓடினா, அது அடைச்சு வார்னிங் லைட் எரியும். வாரம் ஒரு தடவையாவது சிதம்பரம் வரை நல்லா ஓட்டுறவங்களுக்கு டீசல் ஓகே.

கடற்கரை ஊர் என்பதால் உப்புக்காற்றையும் மறக்காதீங்க. லேடர் ஃப்ரேமோ மோனோகாக்கோ, அடிப்பகுதிக்குத் துரு தடுப்புக் கோட்டிங் போட்டுடுங்க. சில்வர் பீச் பக்கம் போய்ட்டு வந்தாலும், தண்ணீரில் நின்னாலும், நல்ல தண்ணீரில் அடியைக் கழுவுங்க. பழைய முரட்டு வண்டி வாங்குறீங்களா? குழியில் இறங்கி அந்த ஏணிச் சட்டத்தைப் பார்க்காம அட்வான்ஸ் கொடுக்காதீங்க.

அப்போ முரட்டு வண்டி யாருக்கு?

இருக்காங்க. பண்ருட்டி பக்கம் முந்திரித் தோப்புக்கு மணல் வழியில் தினமும் போறவங்க. கிள்ளை, பரங்கிப்பேட்டை பக்கம் இறால் பண்ணை வெச்சிருக்கிறவங்க. மழையில் சேறாகிப்போகும் வயல் வரப்பு வரை வண்டி போயே ஆகணும்னு இருக்கிறவங்க. வீட்டில் ஏழு பேர் இருக்கிறவங்க. இவங்களுக்கு லேடர் ஃப்ரேம் கொடுக்கிற காசுக்கு உழைக்கும். மணலும் சேறும் அதிகம்னா, ஃபோர் வீல் டிரைவ் வேரியன்ட்டாகவே பாருங்க.

ஆசைக்காக வாங்குறதும் தப்பில்லை. தார் பிடிச்சிருந்தா தார் எடுங்க. 'வெள்ளத்துக்காக' என்ற காரணத்தை மட்டும் வீட்டில் சொல்லாதீங்க. ஒரு நாள் நீங்களே அதை நம்பித் தண்ணீரில் இறக்கிடுவீங்க.

டெஸ்ட் டிரைவில் இதைச் செய்ங்க

1. வீட்டில் வயசானவங்களையும் குழந்தையையும் கூட்டிட்டுப் போங்க. அவங்க உதவி இல்லாம ஏறி இறங்கட்டும்.

2. பின் சீட்டில் நீங்க 20 நிமிஷம் உட்காருங்க. லேடர் ஃப்ரேம் வண்டியின் குலுக்கல் அங்கேதான் தெரியும்.

3. உங்க தெருவுக்கே கொண்டு வரச் சொல்லுங்க. கேட்டுக்குள் திருப்பிப் பாருங்க.

4. குழந்தை சீட் மாட்ட ஐசோஃபிக்ஸ் கொக்கி இருக்கான்னு பாருங்க.

5. ஆன்ரோடு விலையை வரி, இன்ஷூரன்ஸ், ஆட்-ஆன் என்று தனித்தனியா எழுதி வாங்குங்க.

கடைசியா ஒரு கேள்வி. கடந்த ஒரு வருஷத்தில் தார் ரோடு முடிஞ்ச பிறகும் நீங்க எத்தனை நாள் போக வேண்டியிருந்தது? பத்து விரலுக்குள் எண்ணிட முடிஞ்சா கிராஸ்ஓவரை புக் பண்ணுங்க. மிச்சமாகிற காசில் நல்ல இன்ஷூரன்ஸ் எடுங்க. மழை எச்சரிக்கை வந்தா எந்த காரா இருந்தாலும் சாவியை ஆணியில் மாட்டிட்டு, வீட்டிலேயே இருங்க.