முதலிடத்துக் கரடி: ஒரு பதிவுக்கு உரை

வட அமெரிக்கப் பெருவிலங்குகளின் அளவுகளை அளந்து ஏட்டில் ஏற்றிவரும் அமைப்பு பூன் அண்ட் கிராக்கெட் கிளப். தியோடர் ரூஸ்வெல்ட் முன்னின்று 1887இல் தொடங்கியது. அதன் கருங்கரடி வரிசையில் முதலிடத்தில் உள்ள பதிவை, ஆட்பெயர்களை விட்டுவிட்டுத் தமிழில் எழுதினால் இவ்வளவுதான்:

அமெரிக்கக் கருங்கரடி. 23 10/16. சான்பீட் கவுண்டி, யூட்டா. 1975. கண்டெடுத்தது.

மிகப் பெரிய கரடி ஏன் வேட்டைக்காரர் கையில் அகப்படுவதில்லை என்பதற்கான விடை முழுதும் இந்த ஒரு வரிக்குள் இருக்கிறது.

அமெரிக்கக் கருங்கரடி

நம் மலைக்காடுகளில் கறையான் புற்றை உடைத்துத் தின்னும் கரடி வேறு இனம். இங்கே சொல்லப்படுவது அலாஸ்காவிலிருந்து மெக்சிகோவின் வடபகுதி வரை பரவியிருக்கும் கரடி. ஆறு லட்சத்துக்கும் மேல் இருக்கும் என்பது பொதுவான மதிப்பீடு. ஆண்டுதோறும் பல்லாயிரம் கரடிகள் சட்டப்படியே வேட்டையாடப்படுகின்றன. ஆகவே கரடி அரிதல்ல, பெரிய கரடிதான் அரிது.

23 10/16

இது அங்குலக் கணக்கு. கீழ்த்தாடையை நீக்கிய மண்டையோட்டின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி வரும் எண். சதையெல்லாம் அகற்றிச் சுத்தம் செய்தபின் 60 நாள் உலரவிட்டுத்தான் அளப்பார்கள். ஈரம் இருந்தால் எலும்பு சற்றுக் கூடுதலாகக் காட்டும். நிரந்தரப் பட்டியலில் இடம்பெற 21 அங்குலம் வேண்டும். முதலிடமோ 23 10/16, அதாவது 60 சென்டிமீட்டர். வாசலுக்கும் முதலிடத்துக்கும் இடையே ஏழு சென்டிமீட்டர்கூட இல்லை. இத்தனை காலமாகப் பேசப்பட்ட பெருங்கரடிகள் எல்லாம் அந்தச் சிறிய இடைவெளிக்குள் நெருக்கியடித்து நிற்கின்றன.

எடையை ஏன் கணக்கில் கொள்ளவில்லை என்று கேட்கலாம். கரடியின் எடை பருவத்துக்குப் பருவம் மாறுவது. இலையுதிர் காலத்தில் ஒரே நாளில் 20,000 கலோரி வரை தின்று கொழுக்கும். குளிர்கால உறக்கம் முடிந்து எழும்போது அதில் பெரும்பங்கு கரைந்திருக்கும். வட கரோலைனாவின் கிரேவன் கவுண்டியில் 1998இல் சுடப்பட்ட கரடி 880 பவுண்டு, ஏறத்தாழ 400 கிலோ. அந்தக் கடலோரப் பகுதியில் குளிர் குறைவு. சோளமும் நிலக்கடலையும் வயலிலேயே கிடைக்கும். தோலை அளக்கலாம் என்றால், இழுத்த இழுப்புக்கெல்லாம் தோல் நீளும். மண்டையோட்டில் அந்த வேலை நடக்காது.

கண்ணை நம்பவும் வழியில்லை. அடர்ந்த மயிர், மங்கிய மாலை வெளிச்சம், பக்கத்தில் ஒப்பிட வேறு விலங்கு இல்லாத தனிமை, படபடக்கும் நெஞ்சு. இத்தனையும் சேரும்போது, சுடும் முன் மலைபோல் தெரிந்த கரடி கிட்டே போய்ப் பார்த்தால் பாதியாகிவிடும். இதில் பொய்யோ பெருமையோ இல்லை. நேர்மையான மனிதர்களுக்கும் நேர்வதுதான். அதனால் அனுபவசாலிகள் முதலில் காதைப் பார்க்கச் சொல்வார்கள். இளங்கரடியின் காதுகள் தலை உச்சியில் நெருக்கமாக, விறைப்பாக நிற்கும். முகம் ஒடுங்கி மூக்கு நீண்டு தெரியும். முதிர்ந்த ஆண் கரடிக்குத் தலை பருத்துவிடுவதால் காதுகள் சிறுத்து, இரு பக்கமும் ஒதுங்கித் தெரியும். நெற்றி நடுவே மேடு பிரிந்து ஒரு பள்ளம் ஓடும். வயிறு தொங்கிக் கால்கள் குட்டையாகத் தோன்றும். இரை வைத்து வேட்டையாடும் மாநிலங்களில், இரை போட்ட இரும்பு டிரம்மும் ஓர் அளவுகோல். நான்கு காலில் நிற்கும் கரடியின் முதுகு டிரம்மின் மேல்விளிம்பை எட்டினால் அது பெரிய கரடி.

சான்பீட் கவுண்டி, யூட்டா

யூட்டா மாநிலத்தின் நடுப்பகுதி. வறண்ட மலைநாடு. கிரேவன் கவுண்டியின் வயல்வளம் இங்கே கிடையாது. மிகப் பெரிய மண்டையோடு இங்கிருந்து வந்தது என்பதே, பெருத்த உடலும் பெருத்த தலையும் ஒன்றல்ல என்பதற்குச் சான்று.

1975

இது கிடைத்த ஆண்டு. ஆனால் கரடி விஷயத்தில் எண்ண வேண்டியது அது உயிரோடிருந்த ஆண்டுகளை. பெண் கரடியின் வளர்ச்சி சீக்கிரம் நின்றுவிடும். ஆணோ பல ஆண்டுகள் வளர்ந்துகொண்டே போகும். உடல் நின்றபின்னும் மண்டையோடு அகலும். அவ்வளவு காலம் தாக்குப்பிடிப்பதுதான் கடினம். ஒன்றரை, இரண்டு வயதில் தாயை விட்டுப் பிரியும் ஆண் கரடி, முன்பின் தெரியாத காட்டில் பசியோடு அலைகிறது. இரை வைத்த இடத்துக்குப் பட்டப்பகலில் வருகிறது, சாலையைக் கடக்கிறது, தோட்டத்தில் நுழைகிறது. சுடப்படும் கரடிகளில் இளையவை மிகுதியாக இருப்பதற்குக் காரணம் இதுவே. வேட்டைக்குப் பின் வனவிலங்குத் துறையினர் சிறு முன்கடைவாய்ப்பல் ஒன்றைப் பிடுங்கி, குறுக்கே மெல்லியதாகச் சீவி, நுண்ணோக்கியில் ஆண்டு வளையங்களை எண்ணி வயதைக் கணிக்கிறார்கள். இரண்டு, மூன்று வளையங்களே உள்ள பற்கள்தான் அடிக்கடி வரும். தப்பிப் பிழைத்து மூத்தது மனித வாடையை அறிந்துகொள்கிறது. சுட அனுமதியுள்ள நேரம் முடிந்தபின் இருட்டில் வந்து தின்றுவிட்டுப் போகிறது.

கண்டெடுத்தது

உரைக்கு உயிர் இந்தச் சொல்லில்தான். இந்தக் கரடியை எந்த வேட்டைக்காரரும் சுட்டதாகப் பதிவில்லை. செத்துக் கிடந்ததன் மண்டையோடுதான் கைக்கு வந்தது. பின்னாளில் பென்சில்வேனியாவிலும் நியூ ஜெர்சியிலும் சுடப்பட்டவை 23 அங்குலத்தைத் தாண்டியும் இதை எட்டவில்லை. சுடாத விலங்குக்கு வேட்டை ஏட்டில் முதலிடமா என்று குறைப்படுவோர் உண்டு. எனக்கு அது சரியாகவே படுகிறது. இப்படியொரு கரடி உருவாக உணவும் காடும் நீண்ட ஆயுளும் வாய்த்திருக்க வேண்டும். பதியத் தக்கது அதுதான். ஏட்டில் இடம் விலங்கின் அளவுக்கு, குறிபார்த்த திறமைக்கு அல்ல. எனவேதான் சுட்டதையும் கண்டெடுத்ததையும் ஒரே விதிப்படி உலர்த்தி, ஒரே முறையில் அளந்து, ஒரே வரிசையில் வைக்கிறார்கள்.