பொருநைக் கரையோரம் ஒரு வரலாற்று நடை



பேட்டையில் பிறந்து வளர்ந்த நாம் அனைவரும் பொருநையின் பிள்ளைகள். சுத்தமல்லி அணையில் பிரியும் நெல்லைக் கால்வாய் நம் ஊரின் ஊடே ஓடித்தான் நெல்லை நகரின் நயினார் குளத்தைச் சேர்கிறது. ஆயினும், அந்நீர் எம்மலையில் தோன்றிற்று, எவ்வெவ்வூர்களைக் கடந்தது, எவர் கைகள் வெட்டிய வழியே நம் தெருவோரம் வந்தது என்று கேட்டால், நம்மில் பலர் விடையறியாது நிற்போம். நம் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்கு வரலாற்றுக் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நிர்வாகிகள் பணித்தபோது, இக்குறையைப் போக்க முயல்வதே தக்கது என எண்ணினோம்.

ஆகவே, இக்கட்டுரையை ஒரு நடையாக அமைத்துள்ளோம். அருவியில் தொடங்கிக் கடல்துறையில் முடியும் இவ்வழி ஒரு நாளில் நடந்து முடிக்கத்தக்கதன்று. நான்கு ஞாயிற்றுக்கிழமைகளாகப் பகுத்துக்கொண்டு, பேருந்தில் சென்று இறங்கி, ஆங்காங்கே கரையோரம் நடந்து காண்பீர்களாக. கையில் ஒரு குறிப்பேடு இருக்கட்டும். ஒவ்வோரிடத்திலும் இரண்டு வினாக்களை எழுப்புங்கள். இதனை உழைத்து ஆக்கியவர் யார்? இதன் அருகே வர உரிமை பெற்றிருந்தவர் யார்? மன்னர் பெயர்களையும் கோயில்களின் சிறப்பையும் பாடநூல்கள் சொல்லும். இவ்விரு வினாக்களுக்கும் விடையை நாமே தேடிக் காணல் வேண்டும்.

அருவியும் ஐயனார் கோயிலும்

பொதிகை மலையில் பிறக்கும் பொருநை, ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடிப் புன்னைக்காயலுக்கு அருகில் கடலில் கலக்கிறது. மலையிலிருந்து இறங்குகையில் பாணதீர்த்தம், கல்யாண தீர்த்தம், அகத்தியர் அருவி எனப் படிப்படியாக வீழ்கிறது. பாணதீர்த்தம் காரையாற்று அணைக்கும் அப்பால் உள்ளது. இக்காடு 1988 முதல் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்ததாகலின், வனத்துறையின் இசைவின்றி அங்குச் செல்லலாகாது. இந்த வீழ்ச்சியின் ஆற்றலை நம்பித்தான் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாபநாசத்தில் நூற்பாலை எழுந்தது; 1944இல் நீர்மின் நிலையமும் இயங்கத் தொடங்கிற்று.

காரையாற்றில் சொரிமுத்து ஐயனார் கோயில் இருக்கிறது. ஆடி அமாவாசை நாளில் இங்கே பல்லாயிரவர் கூடுவர். அக்கோயிலின் ஒரு பக்கத்தில் பட்டவராயன் சந்நிதியைக் காண்பீர்கள். அங்கே நேர்த்திக்கடனாகச் செலுத்தப்படுவன தோற்செருப்புகள்! இதன் காரணத்தை முத்துப்பட்டன் கதை சொல்கிறது. பிராமண குலத்தில் பிறந்த முத்துப்பட்டன், இம்மலையடிவாரத்தில் வாலப்பகடை என்னும் செருப்புத் தைக்கும் தொழிலாளியின் மக்களாகிய பொம்மக்கா, திம்மக்கா இருவரையும் கண்டு மணக்க விரும்பினான். பகடை உடனே இசையவில்லை. பூணூலை அறுத்தெறிந்து, செருப்புத் தைக்கவும் கற்றுக்கொண்டு வந்தால் பெண் தருவேன் என்றார். பட்டன் அவ்வாறே செய்து மணந்தான். பின்னர் மாமனாரின் மாடுகளைக் கவர வந்த கள்வரோடு பொருது மாண்டான். மனைவியர் இருவரும் தீப்பாய்ந்தனர்.

வில்லுப்பாட்டுக் கலைஞர்கள் வழிவழியாகப் பாடிவந்த இக்கதையைப் பேராசிரியர் நா. வானமாமலை ஆராய்ந்து பதிப்பித்தார். இக்கதையின் சில வடிவங்களில், அப்பெண்கள் இருவரும் பிறப்பால் பிராமணக் குழந்தைகள் என்றும், காட்டில் கிடந்த அவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்றும் ஒரு முன்கதை காணப்படும். இது பிற்காலத்தில் ஒட்டப்பட்டது என்பது அவ்வாராய்ச்சியாளர் கண்ட முடிவு. இளைஞர்களே, இதனைக் கூர்ந்து நோக்குங்கள். சாதியைக் கடந்த ஒரு மணத்தைப் பொறுக்கமாட்டாத மனம், கதையையே மாற்றி எழுதிற்று. நம் வரலாற்றை நாம் எழுதாவிடின் பிறர் அதனைத் தம் விருப்பத்திற்கு ஏற்பத் திருத்திக்கொள்வர் என்பதற்கு இதனினும் நல்ல சான்று வேண்டுவதில்லை.

290 காசும் 580 கலமும்

பாபநாசத்திலிருந்து இறங்கி அம்பாசமுத்திரத்திற்கு வருவோம். இளங்கோக்குடி என்பது இதன் பழம்பெயர். இங்குள்ள எரிச்சாவுடையார் கோயிலில், ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கும் முற்பட்ட வரகுண பாண்டியனின் வட்டெழுத்துக் கல்வெட்டு உண்டு. மன்னன் 290 காசுகளை ஊர்ச்சபையாரிடம் ஒப்படைக்கிறான். காசு ஒன்றுக்கு ஆண்டுதோறும் இரண்டு கலம் நெல் வட்டி. ஆக 580 கலம் நெல். அதைக்கொண்டு கோயிலில் நாள்தோறும் அமுது படைக்கவேண்டும் என்பது ஏற்பாடு.

கணக்கு மிகத் துல்லியமானது. கொடுத்தவன் பெயர் உண்டு. பெற்றவர் யார் என்பது உண்டு. படைக்கவேண்டிய நெய், தயிர், பழம் ஈறாக அளவு உண்டு. அந்த 580 கலம் நெல்லை நாற்று நட்டு, களை பறித்து, அறுத்து, அடித்து அளந்தவர் பெயர் மட்டும் இல்லை. பிற்காலத்துத் தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டுகளில் நம்மவரின் குடியிருப்பு இடம்பெறுகிறது. ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும்போது பறைச்சேரி, தீண்டாச்சேரி என்று அவை குறிக்கின்றன. கல்லிலே நமக்கு இடம் உண்டு, பெயர் இல்லை. கல்வெட்டைப் படிக்கும்போது அதில் உள்ளதைப் போலவே இல்லாததையும் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

பசு நடந்த வழி

பொருநையின் குறுக்கே கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்னும் எட்டு அணைக்கட்டுகள் உள்ளன. இவற்றுள் திருவைகுண்டம் அணை மட்டுமே 19ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் ஆட்சியில் கட்டப்பட்டது. ஏனைய ஏழும் அதற்கு முற்பட்டவை. ஆற்றின் குறுக்கே கல்லை அடுக்கி, நீரின் வேகத்தைத் தடுக்காமல் திசைதிருப்பி, மேட்டைச் சுற்றிக் கால்வாய் கொண்டுசென்று, குளத்திலிருந்து குளத்திற்கு நீரை இறக்கும் அந்நுட்பத்தைக் கண்டால், அளவுகருவி இல்லாக் காலத்தில் இது எங்ஙனம் இயன்றது என்று வியப்பு மேலிடும்.

கல்லிடைக்குறிச்சிக்கு அருகில் தொடங்கும் கன்னடியன் கால்வாய்க்கு ஒரு கதை சொல்வர். கன்னட நாட்டிலிருந்து வந்த ஒருவர் தமக்குக் கிடைத்த பொன்னை அறத்திற்குச் செலவிட விரும்பினார். அகத்தியர் அறிவுரைப்படி ஒரு பசுவின் பின்னே சென்று, அது நடந்த வழியே கால்வாயும், அது நின்ற இடங்களில் மடையும் அமைத்தார் என்பது அக்கதை. பொன் கொடுத்தவரை நினைவு வைத்திருக்கிறோம். வழிகாட்டிய பசுவைக்கூட நினைவு வைத்திருக்கிறோம். மண்வெட்டி பிடித்தவனும் மண்கூடை சுமந்தவளும் கதைக்குள் நுழையவே இல்லை.

கால்வாய் வெட்டியதோடு வேலை முடியவில்லை. ஆண்டுதோறும் குடிமராமத்து என்ற பெயரில் தூர் வாரினர்; வெள்ளக்காலத்தில் உடைப்பை அடைக்க இரவிலும் கரையில் நின்றனர். மடை திறந்து, வயலுக்கு வயல் நீரைப் பங்கிட்டவர் நீர்க்கட்டிகள். அவர்களிற் பெரும்பாலோர் நம் முன்னோர். எந்த மடையை எத்தனை விரற்கடை உயர்த்தினால் எந்த வயலுக்கு எவ்வளவு நீர் செல்லும் என்பது அவர்களுடைய மனக்கணக்கு. அது பட்டயம் பெறாத பொறியியல். ஆயினும் அந்நீர் பாய்ந்த நன்செயில் அவர்களுக்கு உரிமை இல்லை. அந்நீர் நிறைந்த குளத்தின் படித்துறை பல ஊர்களில் அவர்களுக்கு மூடியே கிடந்தது.

சேரன்மாதேவிப் பந்தி

கன்னடியன் கால்வாயைத் தொடர்ந்தால் சேரன்மாதேவி வரும். இங்கே பழைய கோயில்களும் கல்வெட்டுகளும் நிறைய உண்டு. எனினும் நாம் நினைக்க வேண்டியது 1922இல் வ.வே.சு. ஐயர் நிறுவிய தமிழ்க் குருகுலத்தை. நாட்டு விடுதலைக்கு உழைக்கும் இளைஞரை உருவாக்கவென்று பொது மக்களின் நன்கொடையில் நடந்த அக்குருகுலத்தில், பிராமணச் சிறுவர் இருவருக்குத் தனியே உணவு படைக்கப்பட்டது தெரியவந்தபோது பெரும் கிளர்ச்சி மூண்டது. டாக்டர் பி. வரதராசுலு நாயுடுவும் பெரியார் ஈ.வெ. ராமசாமியும் அதனைக் கண்டித்து நின்றனர். 1925இல் காங்கிரசை விட்டுப் பெரியார் வெளியேறியதற்கு முன்னோடியான நிகழ்ச்சிகளுள் இதுவும் ஒன்று. அதே ஆண்டு ஜூன் மாதத்தில், பாபநாசம் அருவியில் விழுந்த தம் மகளைக் காக்கப் பாய்ந்து ஐயர் உயிர் நீத்தார். அவருடைய தியாகத்தையும் துணிவையும் போற்றுவது வேறு. பந்தியில் இட்ட கோட்டை மறவாமல் இருப்பது வேறு. வரலாறு பயில்வோர் இரண்டையும் ஒருசேரச் சொல்லக் கடமைப்பட்டவர்.

அந்தப் பூசல் பெரிதும் பிராமணர், பிராமணரல்லாதார் என்ற எல்லைக்குள்ளேயே நின்றது. சேரிச் சிறுவன் எப்பந்தியில் அமர்வான் என்னும் வினாவை வேறு களங்களில் நம் தலைவர்களே எழுப்பவேண்டியிருந்தது. 1924இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம், பொது வழிகளிலும் கிணறு, குளங்களிலும் நமக்குள்ள உரிமையை நிலைநாட்ட முனைந்தது. 1927 மார்ச் 20ஆம் நாள், மகாராட்டிரத்தின் மகத் நகரில், அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று சவுதார் குளத்து நீரைக் கையால் அள்ளிப் பருகினார். ஒரு கை நீர்! அதற்காக ஒரு போராட்டம். 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியலமைப்புச் சட்டத்தின் 15ஆம் பிரிவு, கிணறு, குளம், குளிக்கும் படித்துறை என்று பெயர் குறித்தே பாகுபாட்டைத் தடை செய்கிறது. இன்று நாம் எந்தப் படித்துறையில் இறங்கினாலும் அந்தச் சட்டத்தின்மீது கால் வைத்தே இறங்குகிறோம்.

மாஞ்சோலையும் கொக்கிரகுளமும்

சேரன்மாதேவியிலிருந்து ஆற்றோடு நம் பேட்டையைக் கடந்து நெல்லைக்கு வந்தால், 1843இல் அமைந்த சுலோசன முதலியார் பாலமும் அதனையடுத்துக் கொக்கிரகுளமும் வரும். இவ்விடத்தில் சற்றே நில்லுங்கள். இங்கு நடந்ததை அறிய, பொருநையின் கிளையாகிய மணிமுத்தாற்றின் மலைக்குச் செல்லவேண்டும். மணிமுத்தாறு அருவியையும் கடந்து மேலே சென்றால் மாஞ்சோலைத் தேயிலைத் தோட்டங்கள். சிங்கம்பட்டி சமீன்தாரிடமிருந்து 8,373 ஏக்கர் காட்டை 1929இல் பம்பாய் பர்மா வர்த்தகக் கழகம் 99 ஆண்டுக் குத்தகைக்குப் பெற்றது. குளிரிலும் அட்டைக்கடியிலும் காட்டைத் திருத்தித் தேயிலை வளர்த்தவர்களிற் பெரும்பாலோர் நம் மக்கள்.

கூலி உயர்வு கேட்டும், சிறைப்பட்ட தொழிலாளரை விடுவிக்கக் கோரியும் 1999 ஜூலை 23ஆம் நாள் அவர்களும் அவர்களை ஆதரித்தோரும் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் நோக்கி ஊர்வலமாக வந்தனர். காவலர் தடியடி நடத்தினர். ஆற்றுப் பக்கமாக ஓடியோருள் பெண்களும் ஒரு பச்சிளங் குழந்தையும் உட்பட 17 பேர் மாண்டனர். நீதிபதி மோகன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைந்தது. ஆணையத்தின் அறிக்கையை நூலகத்தில் படிக்கலாம். ஆனால், நம் முன்னோர் கால்வாய் வெட்டிப் பிறருக்குப் பங்கிட்டுக் கொடுத்த இதே ஆற்றில்தான் நம்மவர் உயிர் போயிற்று என்பதைக் கரையில் நின்றுதான் உணரமுடியும்.

குத்தகைக் காலம் 2028இல் முடிய இருக்கையில், 2024இல் தோட்ட வேலை நிறுத்தப்பட்டது. நான்கு தலைமுறையாக அங்கு வாழ்ந்த குடும்பங்கள் பல மலையை விட்டு இறங்க நேர்ந்தது. ஆயிரம் ஆண்டுக்கு முந்திய இடிபாடுகளைப் பார்க்க நாம் நெடுந்தொலைவு செல்கிறோம். ஆளின்றி விடப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகள் நம் கண்முன்னரே இடிபாடாகும். அங்கு வாழ்ந்தோர் நினைவையேனும் காப்பது நம் கடமையன்றோ?

தாழிக்காடும் கோட்டை மதிலும்

நெல்லையிலிருந்து கிழக்கே சென்றால் ஆதிச்சநல்லூர். 1876இல் பெர்லினைச் சேர்ந்த ஜாகர் இங்கு அகழ்ந்தார். பின்னர் அலெக்சாண்டர் ரீ விரிவாக ஆராய்ந்து, பொன் நெற்றிப்பட்டம், வெண்கலப் பொருள், இரும்புக் கருவி முதலியவற்றைக் கண்டெடுத்தார். 2004இல் மீண்டும் தொடங்கிய அகழாய்வில் 160க்கு மேற்பட்ட முதுமக்கள் தாழிகள் வெளிப்பட்டன. 2023 முதல் அகழ்ந்த குழிகளையே கண்ணாடித் தளத்தின் மேல் நின்று காணும் ஏற்பாடு அங்கு இருக்கிறது, அவசியம் காணுங்கள்.

அருகிலுள்ள சிவகளையில் தாழி ஒன்றில் கிடைத்த நெல்லின் காலம் கி.மு. 1155 என 2021இல் அறிவிக்கப்பட்டது. அங்குக் கிடைத்த இரும்பின் பழமை கி.மு. 3345 வரை செல்வதாகத் தமிழ்நாடு அரசு 2025 ஜனவரியில் ஆய்வு முடிவை வெளியிட்டது. மூவாயிரம் ஆண்டுகளாக இப்பள்ளத்தாக்கில் நெல் உண்டு எனில், நெல்லை விளைக்கும் கைகளும் உண்டு. அந்தக் கைகளின் வழிவந்தோர் எவருக்கும் இளைத்தோர் அல்லர்.

திருவைகுண்டத்தில் கோட்டைப் பிள்ளைமாரின் மண்கோட்டையைக் காணலாம். குலத்தூய்மை காக்கவென்று எழுப்பிய மதில் அது; அக்குலத்துப் பெண்கள் வாழ்நாள் முழுதும் அதற்குள்ளேயே இருந்தனர். வெளியாரைத் தடுக்க எழுந்த சுவர் உள்ளிருந்தோர்க்கே சிறையாயிற்று. இன்று மதில் சிதைந்துவிட்டது. அவர்தம் மக்களும் வெளியே வந்து கல்வி கற்று வாழ்கின்றனர். சாதிச் சுவர் எவரையும் வாழவிடாது என்பதற்கு அந்த மண்மேடு சாட்சி.

இறுதியாகக் கொற்கை. பாண்டியரின் முத்துத்துறையாக விளங்கிய இவ்வூரில், 1968–69இல் நடந்த அகழாய்வு கி.மு. 8ஆம் நூற்றாண்டு வரை செல்லும் பழமையைக் காட்டிற்று. இன்று கடல் சில கிலோமீட்டர் விலகிப் போய்விட்டது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல் துறைமுகத்தைத் தூர்த்துவிட்டது. அரசும் துறையும் அழிந்தன. வண்டலில் நெல்லும் வாழையும் விளைகின்றன.

நாம் செய்யவேண்டுவது

இளைஞர்களே! நடந்து திரும்பியதும் குறிப்பேட்டை மூடிவிடாதீர்கள். உங்கள் தெருவில் எண்பது வயதைத் தாண்டிய பாட்டன் பாட்டியர் இருப்பர். எந்த மடையில் வேலை செய்தார்கள், எந்தக் கிணற்றில் நீர் எடுக்க முடியாது இருந்தது, முதன்முதலில் பள்ளிக்குச் சென்றவர் யார் என்று கேட்டு, நாளும் ஊரும் குறித்து எழுதிவையுங்கள். மலையிலிருந்து இறங்கி வந்த மாஞ்சோலைக் குடும்பங்களைச் சந்தித்துக் கேளுங்கள். அவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள், திருத்தாதீர்கள். வட்டெழுத்தும் பழந்தமிழ்க் கல்வெட்டும் படிக்க உங்களில் நால்வரேனும் முயன்று கற்றுக்கொள்ளுங்கள். அவ்வேடுகளை நம் சங்க நூலகத்தில் சேர்த்துவைத்தால், அடுத்த விழா மலரை எழுதுவோர்க்கு அவையே மூலச் சான்றாகும்.

நம் முன்னோர் ஆற்று நீரை ஊரெங்கும் கொண்டுசேர்த்தனர். அவர்தம் வரலாற்றை ஊரெங்கும் கொண்டுசேர்க்கும் கால்வாயை வெட்டுவது உங்கள் தலைமுறையின் பணி. அதற்கு மண்வெட்டி வேண்டா, எழுதுகோல் போதும். வாழ்க நம் சங்கம்! வளர்க கல்வி!