பழ ஈயின் குரோமோசோம்களும் 'லேபல்' என்னும் சொல்லும்

அறிவியல் நூல்களை மொழிபெயர்ப்போர் ஆங்கிலச் சொல் ஒன்றற்குத் தமிழ்ச்சொல் ஒன்றே வேண்டும் என்பர். 'லேபல்' என்னும் சொல்லைப் பொறுத்தவரை அக்கொள்கை பொருந்தாது என்பதைப் பழ ஈயின் குரோமோசோம் ஆய்வு வரலாறு காட்டுகிறது.

குரோமோசோம் என்னும் பெயரே சாயத்தில் பிறந்தது. 1888இல் வால்டையர் கிரேக்கத்தின் நிறம், உடல் என்னும் சொற்களை இணைத்து அதனை ஆக்கினார். இலங்கைப் பாடநூல்களின் 'நிறமூர்த்தம்' அதன் நேர்பெயர்ப்பு. ஆனால் அந்நிறம் பொருளுக்கு இயல்பாக உரியதன்று, ஆய்வாளர் ஏற்றியது.

1933இல் டெக்சாசில் பெயின்டர் பழ ஈப் புழுவின் உமிழ்நீர்ச் சுரப்பியைச் சாயமேற்றி நசுக்கி, நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். அச்சுரப்பியின் செல்கள் பிளவுறாமலே டி.என்.ஏ.வைப் பலமுறை இரட்டிக்கின்றன. ஆயிரத்திற்கும் மேற்பட்ட இழைகள் ஒருங்கு சேர்ந்து குறுக்குப் பட்டைகளாகத் தோன்றுகின்றன. 1935இல் பிரிட்ஜஸ் அப்பட்டைகளைக் கண்டு, குரோமோசோம்கள் அனைத்தையும் 102 பகுதிகளாக்கி, ஒவ்வொன்றையும் ஆங்கில எழுத்துகள் ஆறனால் உட்பிரித்தார். வெண்கண் மரபணு இன்றும் 3சி என்னும் உட்பிரிவில் வைத்தே சுட்டப்படுகிறது. நூற்பாவுக்கு எண்ணிடும் இலக்கணிகளுக்கு இம்முறை அயலாகத் தோன்றாது. சாயம் வடிவைக் காட்டிற்று. எண் இடத்தைச் சுட்டிற்று.

மூன்றாவது முறை வேறு. 1969இல் கால், பார்டியூ இருவரும் கதிரியக்க டிரிட்டியம் ஏற்றிய நியூக்ளிக் அமில இழையைத் தவளைச் செல்லின் டி.என்.ஏ.வோடு இணையச் செய்தனர். அடுத்த ஆண்டே ஈயினங்களின் பட்டைக் குரோமோசோம்களிலும் அம்முறை கையாளப்பட்டது. ஒளிப்படப் பசையில் வெள்ளித் துகள்கள் தோன்ற நெடுநாள் காத்திருத்தல் வேண்டும். 1982இல் லாங்கர்-சேஃபர், லெவின், வார்டு மூவரும் கதிரியக்கத்தை விடுத்துப் பயோட்டினைப் பிணைத்து, எதிர்ப்பொருளால் அதனைக் கண்டறிந்தனர். அவர்கள் தேர்ந்த களமும் பழ ஈயின் குரோமோசோமே.

எனவே சாயமேற்றல், எண்ணிடல், அடையாளம் பிணைத்தல் என மூன்று சொற்கள் வேண்டும். மூன்றையும் 'குறியிடல்' என்றால், 3சியில் குறியிடப்பட்டது என்னும் தொடர் வரைபடத்தைச் சுட்டுகிறதா, ஒளிரும் புள்ளியைச் சுட்டுகிறதா என்பது விளங்காது. இம்முறையின் 'ஹைப்ரிடைசேஷன்' என்பதைக் 'கலப்பினமாக்கல்' எனப் பெயர்ப்பது இதனினும் பெரும்பிழை. இங்கே இனம் எதுவும் கலக்கவில்லை, பொருந்தும் இழைகள் இரண்டு தம்முள் இணைகின்றன. 'இழையிணைவு' என்பதே என் பரிந்துரை.