ஊரைத் தேடிப் போன பள்ளிக்கூடம்

மன்னர் காலத்துப் புதுக்கோட்டைக்குக் கடல் கிடையாது. 1948இல் இந்தியாவோடு இணைந்த சமஸ்தானம் திருச்சி மாவட்டத்தின் பகுதியாயிற்று. 1974இல் தனி மாவட்டம் உருவானபோது தஞ்சையிலிருந்து அறந்தாங்கிப் பகுதியும் வந்து சேர்ந்தது. அப்படித்தான் கோட்டைப்பட்டினமும் கிட்டியது. ஆகவே அக்கரையோரப் பள்ளிகளின் பின்கதையை அரண்மனை ஆவணங்களில் தேடிப் பயனில்லை. சென்னை மாநிலக் கல்வித்துறையில்தான் தேட வேண்டும்.

அங்கே நாம் முதலில் சந்திப்பவர் நெ.து. சுந்தரவடிவேலு. காமராஜர் முதல்வரான 1954இலேயே பொதுக்கல்வி இயக்குநரானவர். கஜானாவில் பணமில்லை, பள்ளிகளோ பெருக வேண்டும். 1956இல் மதிய உணவு ஊராரின் கொடையாகவே தொடங்கிற்று. அடுத்த ஆண்டு அரசும் பங்கேற்றது: ஒரு சாப்பாட்டுக்குப் பத்துக் காசு என்றால் அரசு ஆறு, ஊர் நாலு. 1958இல் கடம்பத்தூரில் தொடங்கியது பள்ளிச் சீரமைப்பு மாநாடு. இதன் நடைமுறை கவனிக்கத்தக்கது. ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன தேவை என்று ஆசிரியர்கள் பட்டியலிட்டார்கள்: கூரை, பெஞ்சு, கரும்பலகை, தட்டு, சீருடை. பிறகு அப்பட்டியலோடு ஊராரிடம் போனார்கள். அதிகாரியின் ஆய்வுக்கு அஞ்சியே பழகிய ஆசிரியர், முதன்முறையாக ஊருக்குக் கணக்குச் சொன்னார். எந்தப் பயிற்சி நிறுவனமும் அவருக்கு இதைக் கற்றுத் தந்ததில்லை.

குறையும் உண்டு. வசதியுள்ள ஊரின் பட்டியல் சீக்கிரம் நிறைவேறும். கூலிகள் வாழும் ஊரின் பட்டியல் பட்டியலாகவே நிற்கும். மேடையில் கொடையாளர், கீழே பெற்றோர். (கோயில் டியூப் லைட்டில் பெயர் எழுதும் நம் மரபு பள்ளிச் சுவர்க்கடிகாரத்தையும் விட்டுவைக்கவில்லை.)

இந்த வரிசை புதுக்கோட்டையில் 1991இல் கலைந்தது. அறிவொளி இயக்கம் அன்றைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் தலைமையில் கிராமம் கிராமமாகப் போனது. பெண்கள் சைக்கிள் பழகியது உலகறிந்த செய்தி. அதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அதில் பணியாற்றிய பள்ளி ஆசிரியர்களுக்கு நேர்ந்தது. வகுப்பில் பிரம்போடு நின்றவர்கள், தங்களைவிட மூத்த கல்லுடைக்கும் பெண்களின் முன் தரையில் உட்கார வேண்டியிருந்தது. பாடமும் அகரவரிசையில் தொடங்கவில்லை. பட்டா போன்ற அன்றாடச் சொற்களில் தொடங்கிற்று. கல்வியைப் பெறுகிறவருக்கும் அதைப் பற்றிப் பேச உரிமையுண்டு என்பதை ஆசிரியர் அங்கேதான் கண்டுகொண்டார்.

அந்த உரிமை பின்னர் சட்டமாயிற்று. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கினர் பெற்றோர். உறுப்பினரில் பாதிப் பேர் பெண்கள். தமிழகத்தில் இக்குழுக்கள் 2022இல் திருத்தியமைக்கப்பட்டன. அதே ஆண்டு டிசம்பரில், முன்னாள் மாணவரிடமும் நிறுவனங்களிடமும் நிதி திரட்டும் 'நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி' திட்டமும் வந்தது. பெற்றோரும் கொடையாளரும் மீண்டும் ஒரே கூடத்தில். பள்ளிக்கு எது முதலில் தேவை என்று அங்கே யார் சொல்வது என்பதே கேள்வி.

கோட்டைப்பட்டினத்தில் அதற்கு இன்னொரு சிக்கலும் உண்டு. விசைப்படகுகள் திங்கள், புதன், சனி என்று முறைவைத்துக் கடலுக்குப் போகின்றன. மறுநாள்தான் கரை திரும்பும். கூட்டம் எந்தக் கிழமை என்பதைப் பொறுத்தே அங்கே தகப்பன்மார் வருவதும் வராததும்.