கலெக்டர் ஆட்சியரான கதை

"மனசுல பெரிய கலெக்டர்னு நெனப்பு!"

கூப்பிட்ட குரலுக்கு எழுந்து வராத பிள்ளையைப் பார்த்து எங்கள் பாட்டி வீசும் வசை இது. அம்மா கொஞ்சம் சிக்கனக்காரி, தாசில்தாரோடு நிறுத்திக்கொள்வாள். மாமியாரும் மருமகளும் ஒரே சொல்லைத்தான் இரண்டு பாஷையில் சொல்லிக்கொண்டிருந்தார்கள் என்பது எனக்குப் பல வருஷம் கழித்துத்தான் தெரிந்தது. கலெக்டர் என்றால் ஆங்கிலத்தில் வசூலிப்பவர். தாசில்தாரைப் பிரித்தால் முதல் பாதி 'தஹ்ஸீல்', அரபுச் சொல், பொருள் வசூல். பின்பாதி 'தார்', பாரசீகம், உடையவர் என்று அர்த்தம். ஆக அவரும் வசூலிப்பவர்தான். ஒரு பெயர் கப்பலில் வந்தது, மற்றது குதிரையில் வந்தது.

இவர்களுக்குத் தமிழில் ஒரு பங்காளி உண்டு. வரி தண்டுதல் என்பது பழைய வழக்கு. தண்டல் என்றால் வசூல். அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்திருக்க வேண்டிய இந்தச் சொல் இன்று எங்கே இருக்கிறது என்று தேடினால், சென்னையின் காய்கறி மார்க்கெட்டில் அகப்படுகிறது. சாயங்காலம் டூவீலரில் வந்து, வண்டியை அணைக்காமலே, கடைக்கார அக்காவிடம் அன்றைய தவணையை வாங்கிச் சின்ன நோட்டில் குறித்துக்கொண்டு போகிறாரே, அவர் தண்டல்காரர். அகராதியை மட்டும் நம்பினால் கலெக்டரும் தாசில்தாரும் அவரும் ஒரே உத்தியோகம்.

கலெக்டர் பிறந்த ஊர் வங்காளம். 1765-ல் வங்காளத்தின் திவானி, அதாவது வரி வாங்கும் உரிமை, கிழக்கிந்தியக் கம்பெனியின் கைக்கு வந்தது. சரக்கு விற்க வந்தவர்களுக்கு நிலவரி வாங்கத் தெரியவில்லை. மேற்பார்வைக்கு ஆள் போடலாமென்று 1769-ல் சிலரை நியமித்தார்கள். அவர்களுக்கு அப்போது பெயர் சூப்பர்வைசர். 1772-ல் வாரன் ஹேஸ்டிங்ஸ் காலத்தில் அந்தப் பெயர் கலெக்டர் என்று மாறியது. அதில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை. வசூலுக்கு வந்தவருக்கு வசூல்காரர் என்றே பெயர்.

தமிழ் மண்ணில் அந்தப் பெயருக்கு வேர் பிடித்தது பாராமகாலில். இன்றைய கிருஷ்ணகிரி, தருமபுரி, திருப்பத்தூர்ப் பக்கம். 1792-ல் திப்பு சுல்தானிடமிருந்து கம்பெனிக்குக் கைமாறிய பகுதி அது. அதை நிர்வகிக்க கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் அனுப்பியது சிவில் அதிகாரிகளை அல்ல, பட்டாளத்துக்காரர்களை. சென்னையிலிருந்த சிவில் அதிகாரிகளுக்கு உள்ளூர் பாஷை தெரியாது என்பது முக்கியமான காரணம். அலெக்சாண்டர் ரீட் தலைமை, அவருக்குக் கீழே தாமஸ் மன்றோ. மன்றோ தருமபுரியில் ஏழு வருஷம் இருந்தார். ரயத்துவாரி முறை அங்கே உருப்பெற்றது. ஜமீன்தாரை நடுவில் வைக்காமல் ஒவ்வொரு குடியானவனின் நிலத்தையும் அளந்து, அவன் பெயரிலேயே தீர்வை போடுவது அந்த முறை.

ஜமீன்தார் முறையில் கலெக்டருக்குப் பத்து இருபது பேரைத் தெரிந்தால் போதும். ரயத்துவாரியில் எந்தக் காட்டில் கம்பு, எந்த வயலுக்கு ஏரித் தண்ணீர் எட்டவில்லை, எவன் ஊரை விட்டுப் போனான் என்பதெல்லாம் அவருடைய கணக்கில் ஏறியாக வேண்டும். அதற்காகக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக 'காம்ப்' போனார்கள். ஊரை அறிந்த மனிதனிடம் ஊர் வழக்கும் வந்து சேரத்தானே செய்யும்? 1816-ல் அது சட்டமாகவே ஆனது. சென்னை மாகாணத்தில் மாஜிஸ்ட்ரேட் அதிகாரமும் போலீஸ் மேற்பார்வையும் நீதிபதிகளின் கையிலிருந்து எடுக்கப்பட்டுக் கலெக்டரின் கைக்கு மாறின. பின்னால் நின்ற கை மன்றோவுடையது. வசூலிப்பவர் ஆள்பவரானது அந்த வருஷம். பெயர்ப்பலகையை மட்டும் யாரும் மாற்றி எழுதவில்லை.

நடுவில் ஒரு கலெக்டரைச் சொல்லாமல் விட்டால் தமிழ் வாசகர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 1798-ல் ராமநாதபுரத்தில் கட்டபொம்மனை வரவழைத்த ஜாக்சன், கலெக்டர்தான். சண்டை எதைப் பற்றி? கிஸ்தி பாக்கி. 1959-ல் வந்த சினிமாவின் புண்ணியத்தில், தமிழ்க் குழந்தைகள் பலருக்கு முதலில் அறிமுகமாகும் கலெக்டர் இவர். அவர் தன் பெயருக்கு உரிய வேலையைத்தான் செய்துகொண்டிருந்தார் என்பதைச் சினிமா சொல்லவில்லை. சொல்லியிருந்தால் படம் ஓடியிருக்காது. கிஸ்தி அரபுச் சொல், தவணை என்று பொருள். கிராமத்தில் நிலவரி கட்டுவதை இன்றும் கிஸ்தி என்பவர்கள் இருக்கிறார்கள்.

இந்த அரபும் பாரசீகமும் ஆற்காட்டு நவாபின் கச்சேரிகளில் புழங்கியவை. 1801-ல் கம்பெனி நவாபின் சீமையை எடுத்துக்கொண்டபோது, நாற்காலிகளோடு அவற்றின் பெயர்களையும் எடுத்துக்கொண்டது. பிரித்துப் பார்த்தால் சுவாரசியம். குமாஸ்தா, நியமிக்கப்பட்டவர். சிரஸ்தார், 'சர்ரிஷ்தா' என்ற நூல்முனையைப் பிடித்திருப்பவர். கட்டு கட்டாகக் காகிதம் குவிந்த அறையில் நூல்முனை கிடைத்தவனே ராஜா என்பது எந்த ஆபீசுக்கும் பொருந்தும். முன்சீப், நியாயம் வழங்குபவர். எனக்குப் பிடித்தது அமீனா. நம்பிக்கைக்கு உரியவர் என்பது அந்தச் சொல்லின் மூலப்பொருள். ஜப்திக்கு வந்து அண்டாவைத் தூக்குகிறவருக்கு இந்தப் பெயரை வைத்தவர் குறும்புக்காரராக இருந்திருக்க வேண்டும்.

கலெக்டர் கூடவே நடக்கும் டவாலி முதலில் ஆளின் பெயரே அல்ல. தோளில் குறுக்கே போடும் பட்டைக்குப் பெயர் அது. பட்டை நடக்க நடக்க ஆள் மறைந்து பட்டையே ஆளாகிவிட்டது. பியூன் போர்த்துக்கீசியர் விட்டுப்போனது. காலாள் என்று பொருள், சதுரங்கக் காயையும் அவர்கள் அதே பெயரால்தான் அழைக்கிறார்கள். இன்று அவர் அலுவலக உதவியாளர். மரியாதை கூடியது. டீ வாங்கி வரும் வேலை போயிற்றா என்று கேட்காதீர்கள்.

1956-ல், காமராஜர் முதலமைச்சராக இருந்தபோது, ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. அடுத்த வருஷமே ஆட்சிச் சொல்லகராதி. ஜில்லா மாவட்டமானது, தாலுகா வட்டமானது, பிர்க்கா குறுவட்டமானது. அடுக்கு எவ்வளவு அழகு பாருங்கள். ஜில்லா என்ற அரபுச் சொல்லுக்கு மூலம் விலா எலும்பு. விலாவுக்கும் தாலுகாவுக்கும் என்ன உறவு என்று எந்தப் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியாது. குறுவட்டம், வட்டம், மாவட்டம் என்றால் எது பெரியது என்று ஒன்றாம் வகுப்புப் பிள்ளை சொல்லிவிடும். வட்டத்துக்கும் மாவட்டத்துக்கும் நடுவில் இருந்த டிவிஷனுக்குத் தொண்டை மண்டலத்துப் பழைய கோட்டத்தை எடுத்து வைத்தார்கள். அங்கே இருப்பவர் கோட்டாட்சியர்.

கலெக்டருக்கு வந்தபோது நேர்வழியில் போயிருந்தால் 'தண்டலர்' என்று வந்திருக்க வேண்டும். தாசில்தார் 'வட்டத் தண்டலர்' ஆகியிருப்பார். வைத்த பெயர்களோ மாவட்ட ஆட்சித் தலைவர், வட்டாட்சியர். இது மொழிபெயர்ப்பே அல்ல, வசூலை மூடிமறைக்கிற வேலை என்று குறைசொல்லும் நண்பர் ஒருவர் எனக்கு உண்டு. மக்களாட்சி வந்தபிறகு அதிகாரிக்கு ஆட்சியர் பட்டமா என்பது அவருடைய அடுத்த கேள்வி. இரண்டாவதற்கு என்னிடம் பதில் இல்லை. முதலாவதில் நான் அகராதிக்காரர்கள் பக்கம். அவர்கள் சொல்லைப் பெயர்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்து எழுதினார்கள். 1816-லிருந்து அதில் உட்கார்ந்திருந்தவர் ஆண்டுகொண்டுதான் இருந்தார்.

இலங்கைத் தமிழர் இதே காலத்தில் வேறு வழியில் போனார்கள். அங்கே மாவட்டத்துக்கு அரசாங்க அதிபர், கிளார்க்குக்கு எழுதுவினைஞர். நாம் துறை என்பதை அவர்கள் திணைக்களம் என்கிறார்கள். அது சோழர் கல்வெட்டில் புரவுவரித் திணைக்களம் என்று வரும் சொல். தஞ்சாவூர்க்காரன் மறந்ததை யாழ்ப்பாணத்துக்காரர் தினம் காகிதத் தலைப்பில் அச்சடிக்கிறார். எனக்கு லேசான பொறாமை.

கிராமத்துக் கடைசிக் கண்ணி கர்ணம். கல்வெட்டில் ஊர்க்கணக்கு எழுதும் கரணத்தான் வருகிறான், அந்த வம்சம். கம்பெனி போய், ராணி போய், சுதந்திரம் வந்தபிறகும் பரம்பரையாக இருந்த கர்ணமும் மணியக்காரரும் 1980 நவம்பரில், எம்.ஜி.ஆர். ஆட்சியில், ஒரே அவசரச் சட்டத்தில் போனார்கள். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போயும் பதவி திரும்பவில்லை. வந்தவர் கிராம நிர்வாக அலுவலர். இவ்வளவு நல்ல தமிழ்ப் பெயர் வைத்தும் ஊர் அவரை வி.ஏ.ஓ. என்றே கூப்பிடுகிறது. சொல் நீளமானால் நாக்கு தன் வழியைப் பார்த்துக்கொள்ளும்.

அதனால்தான் கலெக்டர் ஆபீசும் போகவில்லை. திங்கட்கிழமை காலையில் அதன் வாசலுக்குப் போய்ப் பாருங்கள், குறைதீர்க்கும் நாள் கூட்டம். மரத்தடியில் மனு எழுதும் பெரியவர் ஒருவர், முழங்காலில் அட்டையை வைத்து, 'மாண்புமிகு' போடக்கூடாது, 'உயர்திரு' போடவேண்டும் என்று யாரையோ திருத்திக்கொண்டே 'மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்களுக்கு' என்று வழுக்காமல் எழுதுகிறார். எழுதி முடித்து நிமிர்ந்து, கேட்டில் நிற்கும் போலீஸ்காரரிடம் கேட்கிறார்: "என்னங்க, கலெக்டர் வந்துட்டாரா?" உள்ளே அன்றைய வசூல் தொடங்கியிருக்கிறது. வாங்குவது கிஸ்தி அல்ல, மனு. பட்டா மாறவில்லை, முதியோர் பணம் நின்றுவிட்டது, வாய்க்காலை மறித்துவிட்டார்கள்.